ரங்கப்பிள்ளை வீட்டை அரசு எடுத்து நடத்தணுமா?

பாண்டிக்காரன்: வெளியூர் நண்பர்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு புதுச்சேரி ரங்கப்பிள்ளை தெருவுக்குப் போனேன். முன்அனுமதி வாங்காததால வாசல்லயே திரும்பிட்டோம். 1736-லேர்ந்து 1761 வரைக்கும் தமிழ்ல நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு அது. அவர் கண்ணை மூடின நாலாம் நாள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு, ஊரையே இடிச்சுத் தள்ளினாங்க. அதுல தப்பிச்சு நிக்குது. பாரதி இருந்த வீட்டை நினைவில்லம் ஆக்கின மாதிரி இதையும் அரசு எடுக்கலாமே?

சுண்ணாம்புக்கை: அரசா! மேரி கட்டடம், அதான் நம்ம பழைய நகராட்சிக் கட்டடம், மறந்துபோச்சா? 2014 நவம்பர் மழையில பொலபொலன்னு சரிஞ்சது. 2021-ல திறந்தது அதே முகத்தோட வேற கட்டடம். இந்த வீட்டில கீழ்த்தளத்துல மரத்தூண், நம்ம ஊர் முற்றம். மாடி ஏறினா செங்கல்லுல கட்டிப் பூசின பிரெஞ்சுத் தூண். டெண்டர் எடுக்கிறவர் முதல்ல கொண்டு வர்றது சிமெண்ட் மூட்டை. சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே நிக்கும், பூச்சு உப்பிக்கிட்டு வரும். இத்தனை வருஷம் காப்பாத்தினது குடும்பம்தான். விட்டுடுங்க.

பாண்டிக்காரன்: செலவையும் குடும்பமே பாக்கணும், நாம வெளியில நின்னு போட்டோ எடுக்கணும். நல்ல நியாயம்!

எதிர்க்காற்று: செலவை விடுங்க. யாருக்கு நினைவில்லம்? பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பல்லக்கு, தங்கப்பூண் கைத்தடின்னு மரியாதை வாங்கினவர். 1748-ல பிரெஞ்சுக்காரங்க வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சப்ப அவர் எங்க இருந்தார்?

ஏட்டுப்பிரியை: ஊரில்தான் இருந்தார் ஐயா. அதனால்தான் அந்த இடிப்பைப் பற்றி ஒரு தமிழர் கைப்பட எழுதியது நமக்குக் கிடைத்திருக்கிறது. தடுக்க முடியவில்லை, பதவியை உதறவும் இல்லை. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறையைக் காட்ட நீங்கள் எடுத்துக்கொண்ட சேதியே அவர் ஏட்டில் இருப்பதுதானே? கப்பல் வந்தது, துணி விலை, துரைசானியின் கோபம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வீட்டில் நின்று படிக்க வேண்டியது அதை.

எதிர்க்காற்று: எழுதினதை நான் மறுக்கலைம்மா. அரசு வைக்கிற பலகையில இது வருமான்னுதான் கேக்கிறேன். ‘மாபெரும் வள்ளல்’னு நாலு வரி எழுதி, பக்கத்துல செல்ஃபி ஸ்டாண்டு வைப்பாங்க.

சுண்ணாம்புக்கை: இதுல நானும் அவர் கட்சி.

ஏட்டுப்பிரியை: வீடு குடும்பத்திடமே இருக்கட்டும். பராமரிப்புக்கு அரசு பணம் தரட்டும். அதற்கு ஈடாக மாதத்தில் ஒரு ஞாயிறு திறந்தால் போதாதா?

பாண்டிக்காரன்: குடும்பம் சம்மதிச்சா எனக்குச் சரி. மனு நான் எழுதறேன்.

எதிர்க்காற்று: பலகையில கோயில் சேதி வரணும்னு அதுல எழுதுங்க, முதல் கையெழுத்து என்னுது. இல்லைன்னா பக்கத்துல பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கிக்கிட்டு என் வழியில போறேன்.

சுண்ணாம்புக்கை: இப்போதைக்கு மீனையே வாங்குங்க.