காஃப்காவின் வரிகளும் இரண்டாவது வயலினும்

எழுத்தாளர் காஃப்காவின் வரிகளுக்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் குர்தாக் இசையமைத்த ‘காஃப்கா துணுக்குகள்’ (1985–87) மேடைக்கு இரண்டே பேர்: ஒரு சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி), ஒரு வயலின் கலைஞர். காஃப்காவின் நாட்குறிப்பு, கடிதங்களிலிருந்து எடுத்த 40 துணுக்குகள், மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சில அரை நிமிடம்கூட நிற்காது. தனித்தனியாகப் பாடிப் பழகுவது பாதி வேலைதான். ஒன்றின் கடைசி ஸ்வரத்திலிருந்து அடுத்ததன் முதல் ஸ்வரம் வரையுள்ள இடைவெளியை மட்டும் எடுத்து மறுபடி மறுபடி பழக வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். அடுத்த சுருதியை எங்கிருந்து பிடிப்பது, வயலின் விட்ட ஸ்வரத்திலிருந்தா, தான் முடித்த சொல்லிலிருந்தா என்று பாடகி ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது.

தந்திகளின் சுருதியை மாற்றி வைத்த இரண்டாவது வயலினையும் அதே கலைஞர் இதில் வாசிப்பார். கச்சேரி நாள் மாலைதான் சுருதியை மாற்றினால் தந்தி பழைய இடத்துக்கே நழுவும். இரண்டு மூன்று நாள் முன்பே மாற்றி, தினமும் சரிபார்த்து, தொடுவதற்குச் சற்று முன்பு இன்னொரு முறை பார்த்தால் நிற்கும்.

*

இதோடு ஒன்று சேர்க்கலாம்: மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டினால், பாடகி வாய் திறக்கும் முன் வரி வரக்கூடாது. ஒரே வாக்கியமுள்ள துணுக்கில் முன்கூட்டிப் படித்துவிட்டால் அந்த இசைக்கு வேலையே இல்லை. தாளில் அச்சிட்டால் ஒரு துணுக்கு பக்கத்தின் நடுவே உடையாமல் பாருங்கள். அரங்கமே சேர்ந்து தாள் புரட்டும் ஓசை, மெல்லிய வயலினை விழுங்கிவிடும்.

*

சொல்லின் பொருளை முகத்திலும் குரலிலும் நடித்துக் காட்டுவதும் ஒரு பிழை. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட குரலுக்கு எழுதிய ‘பியரோ லூனேர்’ (1912) முன்னுரையில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் இதைத் தெளிவாகவே தடுக்கிறார்: மனநிலை சொற்களின் பொருளிலிருந்து அல்ல, இசையிலிருந்தே வர வேண்டும். தாளம் பாட்டில்போலக் கறாராக இருக்கும். ஸ்வரத்தைத் தொட்ட உடனே ஏறியோ இறங்கியோ விட்டுவிட வேண்டும். பிடித்து நின்றால் அது பாட்டு. தொடாமலே போனால் வெறும் பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோட்டில் 21 கவிதைகளும் நடக்கின்றன. மெதுவான வேகத்தில் முதலில் முழு ஸ்வரமாகப் பாடி, பிறகு ஒவ்வொன்றின் நீளத்தையும் குறைத்துக்கொண்டே வருவது கைகொடுக்கும் வழி.

*

இத்தாலிய இசையமைப்பாளர் நோனோ நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய நால்வர் இசையில் (1979–80) ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லின் வரிகள் இசைப்பவர்களின் தாளில் மட்டும் இருக்கின்றன. உரக்கச் சொல்லக்கூடாது, நால்வரும் உள்ளுக்குள் பாட வேண்டும். இது அலங்காரக் குறிப்பு இல்லை. நீண்ட மௌனங்களை நால்வரும் தலைக்குத் தலை எண்ணிக் கடந்தால் அடுத்த நுழைவு சிதறும். ஒரே வரியை ஒரே வேகத்தில் மனத்துக்குள் சொன்னால் வில் நான்கும் ஒன்றாகத் தந்தியில் இறங்குகின்றன. ஒத்திகையில் முதலில் அந்த வரியை மெல்லச் சொல்லியே பழகி, பிறகு ஒலியை நிறுத்துங்கள்.

*

ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் வரிகளுக்கு அமெரிக்க இசையமைப்பாளர் கிரம் அமைத்த பாடல்களில் (1970) பாடகி பியானோவின் தந்திகளை நோக்கி உள்ளே பாடுகிறார். தந்திகளைத் தடையின்றி அதிரவிடும் வலது பெடல் அழுந்தியே இருக்க வேண்டும். கால் ஒரு கணம் எழுந்தாலும் தந்திகளில் திரும்பி வரும் குரல் அறுந்துவிடும்.