பட்டறையைக் கூட்டினா வேலை நல்லா வந்துடுமா?

சில்வர்ஓக் பைத்தியம் (ஏற்காடு)

நேத்து எங்க பெரியப்பா பட்டறைக்கு வந்தார். வாசல்லயே நின்னு பாத்துட்டு, "இதுல மனுசன் வேலை செய்யறானா, கரடி குடியிருக்கா?"ன்னு கேட்டார். டீகூடக் குடிக்காம கிளம்பிட்டார். (கரடியூர் இங்க பக்கத்துலதான், அதனால கேள்வி நியாயமானதுதான்.)

என் பட்டறை ஒரு பழைய காப்பிக்கொட்டைக் கொட்டகை. எஸ்டேட்ல நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக் சாயறப்ப வாங்கி அறுத்து, ஸ்டூலு, அலமாரின்னு 3 வருசமா செய்யறேன். கணுக்கால் வரைக்கும் இழைப்புச் சுருள் கிடக்கும். வேலையில குறைன்னு வாங்கினவங்க யாரும் சொன்னதில்ல.

தம்மம்பட்டிக்குப் போயிருக்கீங்களா? புவிசார் குறியீடு வாங்கின மரச்சிற்பம். அங்க ஒரு கொட்டகையில ஒருத்தர் வாகைக் கட்டையில யாளி செதுக்கிட்டிருந்தார். உக்காந்த இடத்தைச் சுத்தி முட்டி அளவு சில்லு. சாக்குல முப்பது நாப்பது உளி, பாக்காமலே கை போய் எடுக்குது. யாளியோட மூக்கு இப்பத் தும்மிடும் போல இருந்துச்சு. அவர்கிட்டப் போய் விளக்குமாத்தை நீட்ட முடியுமா?

கொண்டலாம்பட்டி மேஸ்திரி

தம்பி, பதிலை நீங்களே சொல்லிட்டீங்க. பாக்காமலே கை போய் உளியை எடுத்துச்சுல்ல, அதுக்குப் பேர்தான் ஒழுங்கு. சில்லு குப்பை, அவ்வளவுதான். உளி எங்கன்னு தெரியாம சில்லுக்குள்ள கை விட்டுத் துழாவறதுதான் அலங்கோலம். நீங்க துழாவறீங்களா இல்லையா?

அப்புறம் சிற்பம் வேற, கதவு வேற. யாளிக்கு அடியில ஒரு சிராய் மாட்டினா யாளி கோவிச்சுக்காது. டேபிள் ரம்பத்துல பலகையை ஃபென்ஸுல (நேரா அறுக்க ஓரத்துல நிறுத்தற பட்டை) அண்டக் கொடுத்து அறுக்கறப்ப நடுவுல தூள் அடைஞ்சா அரை மில்லி போயிடும். ஒரு வெட்டுல கண்ணுக்கே தெரியாது. ஒரு கதவுக்கு எத்தனை வெட்டு இருக்குன்னு எண்ணிப் பாருங்க. எல்லாம் சேர்ந்து, கடைசியில மூலைக்கு மூலை டேப் புடிச்சா ஏறுமாறா வரும், வாசல் நிலையில கதவு உக்காராது. அன்னைக்கு மரத்தைத் திட்டுவீங்க.

எனக்கே ஒருக்கா பாடம் ஆச்சு. பட்டறையில ஒரு ஓரத்துல கிரைண்டிங் நடந்துட்டிருந்துச்சு. இரும்புத்தூள் பறந்து வந்து தேக்குப் பலகை மேல படிஞ்சதை நான் துடைக்கல. மழைக்காலம். ரெண்டு நாள்ல பலகை பூரா மை தெளிச்ச மாதிரி கருப்புப் புள்ளி. மரத்துல இருக்கற டானின்ங்கற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா அப்படித்தான் ஆகும். ஆக்ஸாலிக் ஆசிட் போட்டுத்தான் எடுத்தேன். வீட்டுக்காரம்மா அதுவரைக்கும் பேசின பேச்சை இங்க எழுத முடியாது.

சில்வர்ஓக் பைத்தியம்

அது கிரைண்டரை மரத்துக்கிட்ட வெச்ச தப்புங்ண்ணா. கூட்டாத தப்பு இல்ல.

எனக்கு வாரத்துல ஞாயித்துக்கிழமை 4 மணி நேரம்தான் கிடைக்கும். அதுல ஒரு மணி நேரம் கூட்டிட்டே இருந்தா எப்ப இழைக்கறது? யூடியூப்ல பாக்கறேனே, உளி மாட்ட ஒரு ஸ்டாண்டு, அந்த ஸ்டாண்டை மாட்ட செவுத்துல இன்னொரு ஸ்டாண்டு. ரெண்டு வருசமா பட்டறையை ஜோடிச்சுட்டே இருக்காங்க. ஒரு நாற்காலி வெளிய வந்து பாத்ததில்ல.

அஞ்சுரோடு

எங்க கம்பெனியில 5எஸ் இருக்கு, வேலை செய்யற இடத்தை ஒழுங்கா வெச்சுக்கற ஜப்பான்காரங்க முறை. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் போர்டுல அதோட உருவம் வரைஞ்சிருக்கும். எது காணோம்னு தூரத்துல இருந்தே தெரியும். பட்டறைக்கும் இதே மாதிரி செய்யலாமே.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

அண்ணே, எங்க பாட்டி விளக்குமாத்தைத் தூக்கினா உங்க அஞ்சு எஸ்ஸும் தானா நடந்துரும்.

எங்க வீட்டுல கொலுசுப் பட்டறை. கூட்டின தூசியைக் கொட்டவே மாட்டோம், மூட்டை கட்டி வெப்போம். அதுல வெள்ளி இருக்கு. தரை பளிங்கு மாதிரி இருக்கறதுக்குக் காரணம் ஒழுக்கம் இல்ல, காசு. ஏற்காட்டுத் தம்பி தூசியில வெள்ளி இருந்தா, அவரும் தினம் ரெண்டு தடவை கூட்டுவார்.

அடிவாரம் பாலிஷ்

நான் பாலிஷ் வேலை செய்யறவ. ரெண்டு பக்கமும் ஒண்ணை விட்டுட்டீங்க: எப்பக் கூட்டறதுங்கறது. வார்னிஷ் அடிக்கப் போற அன்னைக்குக் காலையில விளக்குமாறு எடுத்தா, கிளம்பின பொடி மணிக்கணக்குல காத்துல நின்னு, ஈர வார்னிஷ் மேலயே வந்து உக்காரும். தடவிப் பாத்தா ரவை தூவின மாதிரி இருக்கும். முந்தின நாளே தண்ணி தெளிச்சுக் கூட்டிடுவேன். வேலை அன்னைக்கு ஃபேனைக்கூடப் போட மாட்டேன்.

ஏற்காட்டுத் தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும். ஆளிவிதை எண்ணெய் தேய்க்கறீங்களா? துடைச்ச துணியை எங்க போடறீங்க? அந்த எண்ணெய் காத்தோட சேர்ந்து காயறப்ப சூடாகும். துணி கசங்கிக் குவிஞ்சு கிடந்தா சூடு வெளிய போகாம உள்ளயே ஏறி, தானாப் பத்திக்கும். தீக்குச்சியே வேணாம். ஒருநாள் குப்பைக்கூடையில புகையைப் பாத்துட்டு, பூனை கீனை ஏதாச்சும் கரண்ட் வயரைக் கடிச்சிருச்சோன்னு தேடினேன். பாத்தா துணி. கணுக்கால் அளவு சுருளுக்குள்ள அப்படி ஒரு துணி கிடந்தா கொட்டகையே மிஞ்சாது. விரிச்சுக் கொடியில காயப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க.

மாஸ்க்கும் போடுங்க. மரத்தூள் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995லயே சொல்லிருச்சு.

சில்வர்ஓக் பைத்தியம்

அக்கா, சத்தியமா துணி விசயம் தெரியாது. படிச்ச உடனே டார்ச் எடுத்துட்டுப் போய்த் தேடினேன். மூணு துணி கிடைச்சுது. மூணும் இப்பக் கொடியில தொங்குது.

ஆனா அது உசுருக்குப் பாதுகாப்பு. நான் கேட்டது, வேலையோட தரத்துக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம்னு. மேஸ்திரி சொன்ன ஃபென்ஸ் ஒண்ணை ஒத்துக்கறேன். ஆனா அதுக்குப் பிரஷ்ஷால ஒரு தட்டு தட்டினாப் போதும், தரையைக் கூட்ட வேண்டியதில்ல.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி

சரி தம்பி. வேலை முடிஞ்சதும் இழைப்புளியை எங்க வைக்கறீங்க?

சில்வர்ஓக் பைத்தியம்

சுருள் மேலதான். மெத்துன்னு இருக்கும், கூரும் மழுங்காது.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி

உங்க ஊரு பனியில, சுருள் மெத்தையில! சுருள் ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும் தம்பி. நீங்க ஞாயித்துக்கிழமை வெச்சா அடுத்த ஞாயிறு வரைக்கும் இரும்பு ஈரத்துலயே படுத்துக் கிடக்குது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க.

சில்வர்ஓக் பைத்தியம்

பாத்தேன்.

அது இருக்கட்டும். மேஸ்திரி, போன மாசம் ஒரு ஊஞ்சப்பலகை படம் போட்டீங்களே, அதுல பின்னால செவுத்தோரம் துண்டுக்கட்டை ஆள் உயரத்துக்கு நிக்குது. அதுக்கு என்ன பேரு?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

😂 நானும் இப்பத்தான் போய்ப் பாத்தேன். அது குவியல் இல்லைங்க, சேர்வராயன் மலை.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி

அது சரக்கு. குப்பை இல்ல. நாலு அங்குலத் தேக்குத் துண்டு இன்னைக்கு என்ன விலைன்னு தெரியுமா? ஒரு கழுந்து, ஒரு ஆப்பு, உடைஞ்ச நாற்காலிக்கு ஒரு ஒட்டு, எல்லாம் அதுல இருந்துதான் எடுக்கறேன்.

அடிவாரம் பாலிஷ்

அண்ணா, படத்துல மாம்பலகையும் தெரியுது. கீழ மாவு மாதிரி கொட்டியிருக்கே, பாத்தீங்களா? மரத்தைத் துளைக்கற உளுப்பூச்சி விழுந்திருக்கு. புதுச் சரக்கை அது பக்கத்துலயா அடுக்கறீங்க?

கொண்டலாம்பட்டி மேஸ்திரி

காலையில பிரிச்சுப் பாத்தேன். மாங்கட்டை அத்தனையும் உளுத்துப் போச்சு, எடுத்து அடுப்புக்குக் குடுத்துட்டேன். பக்கத்துல இருந்த ரெண்டு ரப்பர்மரப் பலகையிலயும் ஊசித் துளை தெரியுது. அதையும் சேத்தே தூக்கிட்டேன்.

தேக்குத் துண்டுல வைரம் பாய்ஞ்சதை அது தொடல. வெள்ளைப் பக்கம் இருக்கறதை மட்டும் தனியா வெச்சிருக்கேன். மத்ததை எவனும் எடுக்கச் சொல்லாதீங்க. எடுக்க மாட்டேன்.