காவலை விட்டு வந்தவன்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் எந்தப் பிரபு நல்லவர் என்ற கேள்விக்கு இங்கே பெரும்பாலானோர் வடக்கை ஆளும் நெட் ஸ்டார்க்கைச் சொல்லியிருக்கிறீர்கள். பெரியப்பாவோடு உட்கார்ந்து பார்க்கும்வரை என் பதிலும் அதுதான்.

பெரியப்பா மட்டக்களப்பின் படுவான்கரை ஆள், கொக்கட்டிச்சோலைப் பக்கம். இளவயதில் ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், வயலில் முல்லைக்காரனாக வேலைக்கு இருந்தார். வாடி என்ற வயற்குடிசையில் படுத்து வயல் காத்து, சூடு மிதித்து நெல் பிரித்தபின் பேசிய நெல்லை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். நான் வசனங்களைத் தமிழில் சொல்லச் சொல்ல முதல் சீசனின் முதல் பாகத்தைப் பார்த்தார்.

வடக்கு எல்லையில் காவலிருந்த இளைஞன் ஒருவன் காட்டுக்குள் பனிப்பேய்களைக் கண்டு ஓடிவந்து பிடிபடுகிறான். திரும்பிப் போய் மற்றவர்களை எச்சரித்திருக்க வேண்டும் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். ஆனால் கண்டது கண்டதுதான் என்கிறான். காவலை விட்டு ஓடினால் மரணம் என்பது அங்கே சட்டம். தீர்ப்புச் சொன்னவனே வாளையும் வீச வேண்டும் என்பது நெட் ஸ்டார்க்கின் கொள்கை. பிள்ளைகள் பார்த்து நிற்கத் தன் கையாலேயே வெட்டுகிறார்.

"எவ்வளவு நேர்மையான மனிதர், பார்த்தீர்களா பெரியப்பா?" என்றேன்.

"அந்தப் பொடியன் சொன்னது மெய்யா என்று பார்த்துவர ஆள் அனுப்பினாரா மகன்?"

வெட்டுவதற்கு முன் யாரையும் அனுப்பவில்லை. பைத்தியக்காரனின் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்ற மாதிரி மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவன் கண்டதோ முழு உண்மை.

அப்போதுதான் பெரியப்பா தன் கதையைச் சொன்னார். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் ஓர் இரவு யானைக் கூட்டம் வரம்பேறி வந்திருக்கிறது. வாடியில் தனியாள், கையில் பந்தம் மட்டும். போடியார் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "காவலை விட்டு ஏன் வந்தாய்?" என்பதுதான் கிடைத்த பதில். விடிந்தபோது பாதி வயல் சேறாகக் கிடந்ததாம். சூடு மிதித்த அன்று பேசிய நெல்லில் இரண்டு மூடை குறைந்தது.

"போடியார் கெட்டவர் இல்லை மகன். கோயிலுக்குக் கொடுப்பார், எங்களோடு இருந்து சாப்பிடுவார். நான் சொன்னதை மட்டும் கேட்கவில்லை."

நல்ல பிரபுவா, கெட்ட பிரபுவா என்று எடைபோடுவதில் எனக்கிருந்த ஆர்வம் அன்றோடு போய்விட்டது. எதிரே நிற்பவன் வாய் திறந்தால் அதைக் கேட்கும் கடமை அந்த அமைப்பில் யாருக்காவது உண்டா என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

பதில், தம்பிலுவில்லிலிருந்து:

அண்ணா, என் அப்பப்பாவும் போடியார்தான், அதனால் மனம் கேட்காமல் எழுதுகிறேன். அந்தச் சட்டம் நெட் ஸ்டார்க் இயற்றியதல்ல. ஓடியவனை மன்னித்தால் நாளை எல்லையில் காவலுக்கு யார் நிற்பார்கள்? ஆளை ஏவித் தலையெடுக்கும் இளம் அரசன் ஜோஃப்ரியும் அவரும் ஒன்றாகிவிடுவார்களா? அந்த உலகத்துக்குள் வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

தங்கை, இதையேதான் நானும் பெரியப்பாவிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் பாகத்தில், மகள்களைக் காப்பாற்றச் செய்யாத துரோகத்தைச் செய்ததாக நெட் ஸ்டார்க் ஒத்துக்கொண்டும் ஜோஃப்ரி தலையெடுக்கச் சொல்கிறானே, அப்போது திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"இது அந்தப் பொடியனை வெட்டிய வாள்தானே மகன்?"

ஆம் என்றேன். விளக்கைப் போடச் சொல்லிவிட்டு முற்றத்தில் போய் இருந்தார்.