பழைய கார்புரேட்டர் பைக்குக்கு எந்த பெட்ரோல் போடுவது?

வணக்கம் நண்பர்களே. அப்பா 2009-ல் வாங்கிய 150 சிசி பைக்கை இப்போது நான் ஓட்டுகிறேன். மழையில் மூன்று வாரம் எடுக்கவில்லை. அப்புறம் எவ்வளவு உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கழற்றினால் அடிக்கிண்ணத்தில் தண்ணீர்! பெட்ரோல் டியூபும் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அது பரவாயில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். அதுதான் என் கவலை.

100 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்கிறார் ஒருவர். ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் தானாகவே முந்தி வெடித்து இன்ஜின் தட்டுவதைத் தடுக்கும் திறன்தான். கம்ப்ரெஷன் (காற்று-பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவு) குறைந்த என் இன்ஜினுக்கு அதனால் லாபமில்லை. அதில் எத்தனால் கலக்கவில்லை என்றால் மட்டும், வண்டியை நிறுத்திவைக்கும் நாட்களுக்கு வாங்கலாம். யாராவது சோதித்துப் பார்த்தீர்களா?

எத்தனால் தாங்கும் டியூப், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியவர்கள் எங்கே வாங்கினீர்கள்? மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) ஒரு சைஸ் பெரிதாக்க வேண்டியிருந்ததா? அப்பாவின் வண்டி, விற்க மனமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.