மென்பொருளை இரண்டாம் முறை திறந்தால் 'அணுகல் மறுக்கப்பட்டது' – அவசர உதவி

கொழுந்துமலை
வணக்கம். தோட்ட அலுவலகம் ஒன்றுக்கு ஒரு விண்டோஸ் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். காலையில் முதல் முறை திறந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று செய்தி வந்து நின்றுவிடுகிறது. கணினியை மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது. என் மடிக்கணினியில் இந்தப் பிரச்சினை ஒருநாளும் வந்ததில்லை. நாளைக் காலைக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும். தெரிந்த அண்ணாமார், அக்காமார் உடனே சொல்லுங்கள்.

பதுளை மைந்தன்
எதற்கு அணுகல் மறுக்கப்படுகிறது? கோப்புக்கா, தரவுத்தளத்துக்கா? முழுச் செய்தியையும் எழுதுங்கள். என் கணிப்பு இதுதான்: மென்பொருளைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவி, தரவுக் கோப்பையும் அங்கேயே வைத்திருப்பீர்கள். விஸ்டா வந்த நாளிலிருந்து சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. தரவை புரோகிராம்டேட்டா கோப்புறைக்கு மாற்றுங்கள். அல்லது நிர்வாகி உரிமையுடன் இயக்கிப் பாருங்கள்.

ராகலை ஆசிரியர்
எந்த மொழி? எந்த விண்டோஸ்? என்ன தரவுத்தளம்? இவை இல்லாமல் யார் எதைச் சொல்ல முடியும், தம்பி?

கண்டி வன்பொருள்
வைரஸ் தடுப்பு மென்பொருள் என்ன போட்டிருக்கிறார்கள்? விண்டோஸ் 10இல் 2017ஆம் ஆண்டுப் பதிப்பொன்றிலிருந்து கோப்புறைப் பாதுகாப்பு என்று ஒன்று சேர்ந்தது. அதை இயக்கிவிட்டால் அறிமுகமில்லாத மென்பொருள் ஆவணக் கோப்புறையில் ஓர் எழுத்தும் எழுத முடியாது. அதை நிறுத்திப் பாருங்கள்.

முதுநிரலர்
முதல் முறை திறக்கும்போது வேலை செய்கிறது என்று பதிவரே எழுதியிருக்கிறார். உரிமைச் சிக்கலோ வைரஸ் தடுப்போ என்றால் முதல் முறையே தடுத்திருக்கும். வாசித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் இங்கே குறைந்து வருகிறது.

பதிவருக்கு: பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து தராமல் 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று மட்டும் சொல்வது, மருத்துவமனைக்குப் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்வதற்குச் சமம். கேள்வி கேட்கும் முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஆவணத்தை வாசித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

அப்புத்தளைத் தென்றல்
முதுநிரலர் ஐயா, நாளைக் காலைக்கு முன் வேலையை முடிக்க வேண்டிய பிள்ளை அவசரத்தில் எழுதியிருக்கிறார். கடிந்துகொள்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கொழுந்துமலை, மூன்று விடயங்களை மட்டும் சொல்லுங்கள். செய்தியில் ஏதாவது கோப்பின் பெயரோ போர்ட்டின் (கருவியை இணைக்கும் வாயிலின்) பெயரோ வருகிறதா? மூடும்போது ஃபோர்ம் (மென்பொருளின் ஜன்னல்) உடனே மறைகிறதா, அல்லது சற்று நேரம் உறைந்து நிற்கிறதா? மூடிய பிறகு டாஸ்க் மேனேஜரில் உங்கள் மென்பொருளின் பெயர் இன்னும் இருக்கிறதா?

கொழுந்துமலை
மன்னிக்கவும். சி ஷார்ப், விண்டோஸ் ஃபோர்ம்ஸ், டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, விண்டோஸ் 10. செய்தியில் 'காம் 3 போர்ட்டுக்கான அணுகல்' என்று வருகிறது. மின்னணுத் தராசிலிருந்து தேயிலைக் கொழுந்தின் நிறையை எடுக்கும் மென்பொருள் இது. தராசின் ஆர்எஸ் 232 கேபிளை யூஎஸ்பி மாற்றி வழியாகப் பொருத்தியிருக்கிறோம்.

மூடும்போது உறைகிறது. திரை வெளுத்து 'பதிலளிக்கவில்லை' என்று வருகிறது. கிளாக்கர் (அலுவலக எழுத்தர்) அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கிறார். டாஸ்க் மேனேஜரை நாளைக்குத்தான் பார்க்க முடியும்.

கண்டி வன்பொருள்
தராசா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சந்தேகமே வேண்டாம், அந்த யூஎஸ்பி மாற்றிதான். மலிவு விலை மாற்றிகளில் பிஎல் 2303 சிப்பின் போலிகள் ஏராளம். உற்பத்தியாளரின் புதிய டிரைவர் போலியை அடையாளம் கண்டால் இயங்கவே மறுக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'குறியீடு 10' என்ற பிழையும் தெரியும். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றியை வாங்குங்கள். இன்னொன்று: மாற்றியை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம் 3 என்பது காம் 5 ஆகவும் மாறிவிடும்.

ராகலை ஆசிரியர்
போலிச் சிப் என்றால் முதல் முறையும் வேலை செய்யாதே, அண்ணா. எண் மாறியிருந்தால் 'போர்ட் இல்லை' என்றுதான் வரும்; 'மறுக்கப்பட்டது' என்று வராது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தம்பி ரீட்லைன் பயன்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். தராசு அனுப்பும் ஒரு வரியை வாசிக்கும் கட்டளை அது; வரி முடிவுக்காகக் காத்திருக்கும். டாட் நெட்டில் இயல்பான வரி முடிவு எழுத்து எண் 10. சில தராசுகள் 13ஐ மட்டும் அனுப்பும். அப்போது ரீட்லைன் என்றைக்கும் திரும்பி வராது, ஏனென்றால் இயல்பான காத்திருப்பு நேரத்துக்கு எல்லையே இல்லை. நியூலைன் பண்பை மாற்றி, ரீட்டைம்அவுட்டுக்கு 500 மில்லிசெக்கன் கொடுத்துப் பாருங்கள்.

அப்புத்தளைத் தென்றல்
ஆசிரியர் சொல்வது உண்மையான பொறிதான். ஆனால் அப்படி இருந்தால் நிறையே திரையில் வராது. இவருக்கு நிறை வருகிறது.

கொழுந்துமலை, தராசிலிருந்து தரவு வரும்போது இயங்கும் அந்தப் பகுதியையும், ஃபோர்ம் மூடும்போது இயங்கும் பகுதியையும் எழுதுங்கள். முழு நிரலும் வேண்டாம். தராசு தொடர்ந்து அனுப்புகிறதா, பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்புகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கொழுந்துமலை
தொடர்ந்து அனுப்புகிறது, செக்கனுக்குப் பல தடவை. வீட்டில் தராசு இல்லை. ஆகவே நிறையைக் கையால் தட்டிச் சோதித்தேன்.

தரவு வரும் இடம்: டேட்டாரிசீவ்ட் நிகழ்வில் (தரவு வந்ததும் தானாக இயங்கும் பகுதியில்) ரீட்லைன் செய்கிறேன். அதை டெசிமலாக (தசம எண்ணாக) மாற்றி, கன்வெர்ட் டுஇன்ட்32 போட்டு முழுக் கிலோ ஆக்குகிறேன். பிறகு இன்வோக் (திரையை மாற்றும் வேலையை ஒப்படைக்கும் கட்டளை) மூலம் நிறைப் பெட்டியில் காட்டுகிறேன்.

மூடும் இடம்: ஃபோர்ம்குளோசிங்கில் போர்ட்டின் குளோஸ் மட்டும்.

பதுளை மைந்தன்
இன்வோக்கே தேவையில்லை. செக்ஃபோர்இல்லீகல்குரொஸ்திரெட்கோல்ஸ் என்ற சோதனையைப் பொய் என்று வைத்துவிட்டு நேரடியாகப் பெட்டியில் எழுதுங்கள். நான் பல மென்பொருள்களில் அப்படித்தான் செய்கிறேன்.

முதுநிரலர்
இந்த ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். அது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது. பிழைதிருத்தி இணைந்திருக்கும்போது மட்டும்தான் அந்தச் சோதனை இயல்பாக இயங்குகிறது. அதை அணைத்தால் எச்சரிக்கைதான் போகும், தவறு போகாது. ஒரு திரெட் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரம்) உருவாக்கிய கட்டுப்பாட்டை, அதாவது திரையில் உள்ள பெட்டி, பொத்தான் போன்றதை, இன்னொரு திரெட் தொடக்கூடாது. இது விண்டோஸ் ஃபோர்ம்ஸின் அடிப்படைப் பாடம்.

அப்புத்தளைத் தென்றல்
இதில் முதுநிரலர் ஐயா சொல்வதே சரி. பிழையும் இப்போது அகப்பட்டுவிட்டது.

டேட்டாரிசீவ்ட் நிகழ்வு உங்கள் திரையைக் கவனிக்கும் முதன்மைத் திரெட்டில் ஓடுவதில்லை; வேறொரு திரெட்டில் ஓடுகிறது. அங்கிருந்து இன்வோக் அழைத்தால், முதன்மைத் திரெட் அந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை அது அசையாமல் நிற்கும். கிளாக்கர் மூடும் பொத்தானை அழுத்தும் கணத்தில் முதன்மைத் திரெட் குளோஸுக்குள் போகிறது. குளோஸோ, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வு முடியட்டும் என்று காத்திருக்கிறது. நிகழ்வு முதன்மைத் திரெட்டுக்காகக் காத்திருக்கிறது, முதன்மைத் திரெட் நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் இனி நகராது. ஐந்து செக்கன் வரை செய்திகளுக்குப் பதிலளிக்காத ஜன்னலை விண்டோஸ் வெளுக்கச் செய்து 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடும். மென்பொருள் இன்னும் சாகவில்லை, காம் 3ஐப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்தப் போர்ட்டைத் திறக்க முடியும். அதனால்தான் இரண்டாவதாகத் திறப்பதற்கு அணுகல் மறுக்கப்படுகிறது.

வீட்டில் ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. கையால் தட்டும்போது டேட்டாரிசீவ்ட் ஓடுவதே இல்லை. தராசு இடைவிடாமல் அனுப்பும்போது, மூடும் கணத்தில் ஏதாவது ஒரு நிகழ்வு நடுவழியில் இருப்பது ஏறக்குறைய உறுதி.

தீர்வு: இன்வோக் இருக்கும் இடத்தில் பிகின்இன்வோக் போடுங்கள். அது வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், காத்திருக்காது. ஃபோர்ம்குளோசிங்கில் முதலில் நிகழ்வின் இணைப்பைக் கழற்றுங்கள், அதன் பிறகு குளோஸ். ஃபோர்ம் அழிந்த பின் ஒரு பிகின்இன்வோக் வந்தால் அதுவும் பிழை எறியும். ஆகவே 'மூடப்படுகிறது' என்ற கொடி ஒன்றை வைத்து, அது உண்மையாக இருந்தால் நிகழ்விலிருந்து உடனே வெளியேறுங்கள். ஆசிரியர் சொன்ன ரீட்டைம்அவுட்டையும் சேர்த்துவிடுங்கள். தராசு பாதி வரியில் நின்றால் அது காப்பாற்றும்.

நேரில் உறுதிசெய்ய வேண்டுமானால், உறைந்திருக்கும்போது விஷுவல் ஸ்டூடியோவை அந்த மென்பொருளுடன் இணைத்து, பிரேக் ஓல் அழுத்தி, திரெட்கள் ஜன்னலைப் பாருங்கள். ஒன்று குளோஸ் வரியிலும் மற்றொன்று இன்வோக் வரியிலும் நிற்கும்.

பதுளை மைந்தன்
இவ்வளவு எதற்கு? மூடும்போது என்விரோன்மென்ட் எக்ஸிட் போட்டால் எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும்.

முதுநிரலர்
எழுதி முடியாத பதிவு கையில் இருக்கும்போது அப்படி வெட்டினால் அந்த நிறுவை போய்விடும். ஒரு தொழிலாளியின் நிறுவை அது.

லிந்துலைவாசி
நிறுவை என்றதும் நானும் பேச வேண்டியிருக்கிறது. பல காலம் செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) எழுதியவன் நான். எல்லாரும் உறைவதைப் பார்த்தீர்கள். நடுவில் உள்ள வரியை ஒருவரும் பார்க்கவில்லை. டெசிமலை ஏன் முழுக் கிலோ ஆக்குகிறார்?

கன்வெர்ட் டுஇன்ட்32 சரியாக அரையில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 17.5 என்றால் 18. 18.5 என்றாலும் 18. 16.5 என்றால் 16. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) வரிசையில் நிற்கும் அக்காவுக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? 17.5 எடுத்தவளுக்கும் 18.5 எடுத்தவளுக்கும் துண்டில் ஒரே 18. ஒரு கிலோ கூடுதலாகப் பறித்தவள் கேட்டால் கிளாக்கர் 'கம்ப்யூட்டர் சொல்கிறது' என்பார்.

முதுநிரலர்
அது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட முறை. அரைகளை எப்போதும் மேலே தள்ளினால் பெருந்தொகையில் கூட்டுத்தொகை ஒரு பக்கம் சாயும். இரட்டை எண்ணுக்குத் தள்ளினால் மொத்தத்தில் சமப்படும். கணக்கியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி.

லிந்துலைவாசி
தோட்டத்தின் மொத்தத்தில் சமப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் மொத்தத்துக்குக் கொடுப்பதில்லை, ஆளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு மலைக்கு (கொழுந்து பறிக்கும் பகுதிக்கு) ஆளுக்கு நாளொன்றுக்கு நிர்ணயித்த அளவு 17 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. ஒருத்தி 6.5, 6.5, 4.5 கிலோ போடுகிறாள். கூட்டினால் 17.5, முழுப் பேர் (முழுநாள் சம்பளம்). உங்கள் வரி அதை 6, 6, 4 ஆக்குகிறது. 16 கிலோ, அரைப் பேர் (அரைநாள் சம்பளம்). நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று 2021இல் வர்த்தமானியில் வந்தபோதும், 2024இல் 1350 ஆனபோதும், மடுவத்தில் சண்டை கிலோவைப் பற்றித்தான். சாக்குக்குக் கழிவு, மழைநாளில் ஈரத்துக்குக் கழிவு, அதற்குமேல் மென்பொருளும் கழித்தால் அந்த மனுஷி யாரிடம் போய் முறையிடுவாள்?

கண்டி வன்பொருள்
தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். தராசு சரியாக இருந்தும் மென்பொருள் எண்ணை மாற்றினால் அந்த முத்திரைக்கு என்ன பொருள்? லிந்துலை அண்ணாவின் பக்கம்தான் நான்.

ராகலை ஆசிரியர்
மாத்.ரவுண்டும் இயல்பாக இதையேதான் செய்கிறது. வேறு விதமாக வேண்டுமானால் மிட்பொயின்ட்ரவுண்டிங் மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் இங்கே முழு எண்ணாக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணமும்.

முதுநிரலர்
மூன்று நிறுவையையும் தனித்தனியாக முழு எண் ஆக்குவது தவறு, ஒப்புக்கொள்கிறேன். கூட்டிய பிறகுதான் ஆக்க வேண்டும்.

லிந்துலைவாசி
கூட்டிய பிறகும் வேண்டாம், ஐயா. தராசு காட்டுவதை அப்படியே எழுதுங்கள்.

கொழுந்துமலை
பிகின்இன்வோக் போட்டு, நிகழ்வைக் கழற்றிவிட்டு மூடினேன். உறையவில்லை, மறுபடி திறக்கிறது. தென்றல் அக்காவுக்கு மிக்க நன்றி. முழுக் கிலோ என்பது அலுவலகம் கேட்டது. பெரிய கிளாக்கரிடம் பேசிப் பார்க்கிறேன்.

அப்புத்தளைத் தென்றல்
மகிழ்ச்சி. தராசு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பல முறை மூடித் திறந்து பார்த்துவிட்டுக் கையளியுங்கள்.

லிந்துலைவாசி
தம்பி, பெரிய கிளாக்கர் சம்மதிக்கும்வரை காத்திருக்காமல் தரவுத்தளத்தில் இதை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். தராசு காட்டிய நிறை ஒரு பத்தியில், சாக்குக் கழிவு ஒரு பத்தியில், ஈரக் கழிவு ஒரு பத்தியில், எல்லாம் டெசிமலில். அலுவலகத்துக்கு முழுக் கிலோ வேண்டுமென்றால் அறிக்கையில் மட்டும் காட்டுங்கள். அச்சிடும் துண்டில் தராசு நிறையையும் கழிவையும் தனித்தனி வரியில் தமிழில் போடுங்கள். என்ன எடுத்தோம், என்ன கழித்தார்கள் என்பதை அவர்கள் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். பெரிய கிளாக்கர் என்ன சொன்னார் என்பதையும் இங்கே எழுதுங்கள்.

ராகலை ஆசிரியர்
பதிவர் அதன் பிறகு வரவில்லை. இதே சிக்கலோடு இங்கே வருபவர்கள் தென்றலின் நீண்ட பதிலையும் லிந்துலை அண்ணாவின் கடைசிப் பதிலையும் சேர்த்தே வாசியுங்கள்.