ஆபீஸ்ல பழைய சர்வர் சும்மா தர்றாங்க, வீட்டு மீடியா சர்வருக்கு எடுக்கலாமா? (ஜெர்மனி)

கேள்வி: வணக்கம் அண்ணா. வேலை மாறி ஜெர்மனிக்குப் புதுசா வந்திருக்கோம். ஆபீஸ்ல டெல் பவர்எட்ஜ் ஆர்720 ஒன்றைக் கழிக்கிறாங்க, வேணும்னா எடுத்துக்கோன்னு சொல்றாங்க. ஜெல்லிஃபின் (வீட்டுல இருக்கிற வீடியோவை டிவிக்கு அனுப்புற சாஃப்ட்வேர்) போட்டுக் குடும்ப வீடியோ, படம் எல்லாம் டிவியில பார்க்கணும். செலவு கம்மியா முடியணும். சரிவருமா?

பதில்: முழுசா எடுக்காதீங்க தம்பி. பெட்டிதான் சும்மா, கரண்ட் சும்மா இல்லை. யூனிட் 35 சென்ட்னு வைங்க. ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினா 8.76 யூனிட், அதாவது மூணு யூரோ. ரெண்டு ஜியான் பிராசஸர் போட்ட ஆர்720 வேலையில்லாம நிக்கும்போதே 100 வாட்டுக்கு மேல இழுக்கும். 120 வாட்னா வருஷத்துக்கு 370 யூரோ பக்கம். எட்டாம் தலைமுறை ஐ5 இருக்கிற பழைய ஆபீஸ் டவர், ரெண்டு டிஸ்க்கோட, 25 வாட்ல நிக்கும்: 77 யூரோ. டவர் விலை முதல் வருஷ பில்லிலேயே திரும்பிடும். ஃபேன் சத்தம் வேற இருக்கு. ராத்திரி 10 மணிக்கு மேல அக்கம்பக்கத்துக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, அந்த இ5 ஜியான்ல கிராபிக்ஸே கிடையாது. டிவிக்குப் புரியாத ஃபார்மட்டை மாத்தித் தரணும்னா எல்லாம் பிராசஸர் தலையில விழும். ஐ5-8500ல இருக்கிற குயிக் சிங்க் (வீடியோ மாத்துறதுக்குன்னே பிராசஸர்ல இருக்கிற பகுதி), 10 பிட் ஹெச்இவிசி வீடியோவையும் அலட்டிக்காம மாத்தும். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஃபுஜிட்சு எஸ்பிரிமோ ரெண்டு டவரும் 'க்ளைன்அன்சைகன்'ங்கிற பழைய சாமான் விக்கிற சைட்ல தாராளமா கிடைக்கும். 3.5 அங்குல டிஸ்க் எத்தனை உட்காரும்னு கேட்டுட்டு வாங்குங்க. 'மைக்ரோ', 'மினி'ன்னு போட்டிருந்தா ஒண்ணும் உட்காராது.

சர்வர்ல இருந்து என்ன எடுக்கலாம்? ராம் வேண்டாம். அது ரெஜிஸ்டர்டு டிடிஆர்3, இந்த டவர்ல ஏறாது. டிஸ்க்குகளை இணைக்கிற, 'மினி'ன்னு வர்ற ரெய்டு கார்டும் வேண்டாம், சாதா பிசிஐ ஸ்லாட்டுல அது சொருகாது. 10,000 ஆர்பிஎம் 600 ஜிபி டிஸ்க் இருந்தா அங்கேயே விட்டுடுங்க. சூடு, சத்தம், கொள்ளளவும் கம்மி. 4 டிபிக்கு மேல இருந்தா மட்டும் தூக்குங்க, அதுவும் எழுத்துல அனுமதி வாங்கிட்டு. தரவுப் பாதுகாப்புக்காகப் பல கம்பெனிகள் டிஸ்க்கை வெளியே விடாது.

இன்னொருவர்: டிஸ்க் கிடைச்சால் முதலில் அதன் இணைப்பு ஸாஸ்ஸா (சர்வர் வகை) சாட்டாவா (சாதாரண பிசி வகை) எண்டு பாருங்கோ. ஸாஸ் டிஸ்க் மதர்போர்டு சாட்டாவில் வேலை செய்யாது, கார்டு வேணும். எல்எஸ்ஐ 9211-8i அல்லது 9207-8i கார்டை, 'ஐடி மோட்' ஃபர்ம்வேர் (ரெய்டு செய்யாமல் டிஸ்க்குகளை அப்படியே காட்டுறது) போட்டதாகப் பார்த்து வாங்குங்கோ. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் எக்ஸ்16 ஸ்லாட் காலியாய்த்தான் இருக்கும், அதில் சொருகலாம். சர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டு இது. டவருக்குள் ஹீட்சிங்க் கொதிக்கும், டிஸ்க்குகள் திடீரெண்டு காணாமல் போகும். 40 மி.மீ. ஃபேன் ஒண்டை அதன் மேல் கட்டிவிடுங்கோ. கார்டு மட்டுமே பத்து வாட் அளவு எடுக்கும், எனவே ரெண்டு சாட்டா டிஸ்க்தான் எண்டால் கார்டே தேவையில்லை.

ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வரும் ஸாஸ் டிஸ்க் சிலது 520 பைட் செக்டரில் (டிஸ்க் தரவைப் பிரிச்சு வைக்கிற துண்டு; வழமையாய் 512) இருக்கும். லினக்ஸ் டிஸ்க்கைக் காட்டும், ஆனால் அளவு பூச்சியம் எண்டு சொல்லும். பழுது எண்டு எறியாதீங்கோ. எஸ்ஜி3-யூட்டில்ஸில் உள்ள ஃபார்மட் கருவியால் 512க்கு மாத்தலாம். பல மணி நேரம் எடுக்கும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

புதிய சாட்டா சர்வர் டிஸ்க் சுத்தவே மாட்டேன் எண்டு நிண்டால், பவர் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் போகிறது எண்டு அர்த்தம். அந்தப் பின்னை கேப்டான் டேப்பால் (சூடு தாங்கும், கரண்ட் கடத்தாத டேப்) மூடினால் சரி. மோலெக்ஸ் அடாப்டரும் உதவும், ஆனால் வார்ப்புப் பிளாஸ்டிக்கில் மூடினது வேண்டாம், உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடிக்கக்கூடியது. கம்பி தெரியிற, கிரிம்ப் செய்தது வாங்குங்கோ.

தரவு ஏத்துறதுக்கு முன் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கிற வசதி) நீண்ட சோதனை ஓட்டுங்கோ. சாட்டாவில், கெட்டுப்போன செக்டர்களை எண்ணுற 5, 197, 198 ஆம் வரிகள் பூச்சியமாய் இருக்கவேணும். 50,000 மணி நேரம் ஓடின டிஸ்க் பரவாயில்லை. 197 கூடிக்கொண்டே போகிற டிஸ்க் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நன்றி அண்ணா. எத்தனை டிஸ்க் வரை போகலாம்?

பதில்: ஆபீஸ் டவர் பவர் சப்ளைக்கு நாலு. சுத்த ஆரம்பிக்கும்போது ஒவ்வொண்ணும் 12 வோல்ட்ல ரெண்டு ஆம்பியர், 24 வாட் இழுக்கும். எட்டு ஒண்ணா கிளம்பினா 200 வாட் சப்ளை படுத்துடும்.

டெபியன் லினக்ஸ் போட்டு, மெர்ஜர்எஃப்எஸ் மாதிரி ஒண்ணால டிஸ்க்குகளை ஒண்ணாக்கி, பாரிட்டிக்கு (போன டிஸ்க்கைத் திரும்ப உருவாக்க உதவுற தகவல்) ஸ்னாப்ரெய்டு வைங்க. ஒரு டிஸ்க் போனாலும் மத்ததுல உள்ளது அப்படியே இருக்கும். குடும்ப வீடியோவுக்கு மட்டும் தனியா இன்னொரு காப்பி வெளி டிஸ்க்ல வேணும். ஜெல்லிஃபினை டாக்கர்ல (சாஃப்ட்வேரைத் தனி டப்பாவில் ஓட்டுற முறை) ஓட்டினா, கிராபிக்ஸ் இருக்கிற /dev/dri-யை உள்ளே கொடுக்க மறக்காதீங்க. கொடுக்கலைன்னா குயிக் சிங்க் இருந்தும் பிரயோஜனமில்லை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா சர்வர்ல நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி தமிழ் எழுத்துரு இல்லாம இருக்கலாம்.

4கே திக்கித் திணறினா சர்வரைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி டிவியோட லான் போர்ட்டைப் பாருங்க. பெரும்பாலான டிவிகள்ல அது 100 மெகாபிட்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே அதைவிட வேகமா போகும்.

இன்னொருவர்: புதிதாய் வந்தவர் எண்டதால் ஒண்டு சொல்லவேணும். இங்கே டொரண்ட்டில் படம் இறக்கினால் வக்கீல் நோட்டீஸ் வீட்டுக்கு வரும், நூற்றுக்கணக்கில் யூரோ கேட்டு. வந்தால் அதோடு இருக்கிற உறுதிமொழித் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீங்கோ, முதலில் நுகர்வோர் ஆலோசனை மையத்தில் காட்டுங்கோ.