உதவி: கைக்கு அடக்கமான, ஆனால் தூரமாக அடிக்கிற டார்ச் எது?

புதுவயல்காரன்
அவசரம். பையில் போடுகிற அளவில், ரொம்பத் தூரம் அடிக்கிற டார்ச் வேண்டும். ஆன்லைனில் 2 கிலோமீட்டர் என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன், மழையில் அடித்தால் எதிர்க்கரைகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளையாக நிற்கிறது. பெரிய மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும்.

மாத்தூர்த் தம்பி
எதற்கு அண்ணே? எத்தனை மீட்டர்? எவ்வளவு செலவு செய்யலாம்? இப்போது இருப்பதில் என்ன பேட்டரி செல் போடுகிறீர்கள்? இது தெரியாமல் என்ன பெயரைச் சொல்வது?

ஐந்துகட்டை
எவரெடி ஐந்து கட்டை டார்ச் தேடி வாங்குங்கள். எங்கள் வீட்டில் பழசு ஒன்று இன்னும் ஓடுகிறது. முகப்பில் நின்று அடித்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின் தெருக் கதவில் போய் விழும். இப்போது வருகிற சீனாச் சாமான் எல்லாம் கண்ணைக் கூசவைக்கும், தூரம் போகாது.

ஒளிமானி
இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. லூமன் என்பது டார்ச்சிலிருந்து மொத்தமாக வெளியேறும் வெளிச்சம். கேண்டெலா என்பது ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. தூரத்துக்குக் கேண்டெலாதான் கணக்கு, லூமனைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 அளவுமுறைப்படி, பெட்டியில் போடும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) இறங்குகிற இடம், ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் வரும். 10,000 என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டெலா நாலு மடங்காக வேண்டும். 2 கிலோமீட்டருக்கு 10 லட்சம் கேண்டெலா, பையில் போடுகிற சாதா எல்இடி டார்ச்சில் நடக்கிற காரியமா? இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

வெள்ளைக்கதிர்
அதற்குத்தான் எல்இபி இருக்கிறது. உள்ளே நீல லேசர் ஒரு பாஸ்பர் தகட்டில் பட்டு வெள்ளை ஒளியாக வெளியே வரும், கதிர் கோடு போட்டதுபோல் நேராகப் போகும். சின்ன டார்ச்சிலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். வாங்கினால் அதைத்தான் வாங்கணும்.

மாத்தூர்த் தம்பி
அந்தக் கோட்டில் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும்தான் தெரியும். காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. விலையும் பல மடங்கு. அண்ணன் எதற்குக் கேட்கிறார் என்று இன்னும் சொல்லவே இல்லை.

கொள்ளுக்குடிப் பையன்
முயல் வேட்டைக்கு என்றால் தயவுசெய்து யாரும் பதில் சொல்லாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ராத்திரியில் கண்ணில் ஒளியை அடித்து அசையவிடாமல் பிடிப்பதை இந்தப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

புதுவயல்காரன்
வேட்டை இல்லை தம்பி. எங்கள் கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் முறை இந்த வருடம் எனக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி மழை அடித்தால் கலுங்கில் (மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம்) தண்ணீர் போகிறதா, கரை எங்காவது கசிகிறதா என்று பார்க்கணும். செம்மண் கரை வழுக்கும், இரண்டு பக்கமும் கருவேல முள், ஒவ்வொரு தடவையும் கலுங்கு வரை நடக்க முடியாது. மடையில் நின்றால் கலுங்கு 300 மீட்டர் இருக்கும், நடுவில் முழுக்கத் தண்ணீர். வாங்கினது முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் வகை, செல்லில் 9900 என்று போட்டிருக்கிறது. 3000 ரூபாய் வரை போகலாம்.

செம்மண்
கோளாறு செல்லில்தான். 18650 அளவில் (18 மில்லி விட்டம், 65 மில்லி நீளம்) 9900 எம்ஏஎச் கொள்ளளவு என்று போட்டிருந்தால் அது பொய், நல்ல செல்லே 3500 பக்கம்தான் இருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல 18650 செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ரொம்பக் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை. நல்ல செல் போட்டால் இதே டார்ச் பளீர் என்று அடிக்கும்.

ஒளிமானி
செல் மாற்றினால் கொஞ்சம் கூடும், எதிர்க்கரை வராது. ஜூம் டார்ச்சில் கதிரைக் குறுக்க லென்ஸை முன்னால் இழுத்ததும், எல்இடியிலிருந்து பக்கவாட்டில் போகிற வெளிச்சம் லென்ஸில் படாமலே வீணாகிறது. 300 மீட்டரில் 1 லக்ஸாவது விழுந்தால்தான் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அதற்கு 90,000 கேண்டெலா. முதலிலேயே தூரத்தைச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிஞ்சியிருக்கும்.

ஐந்துகட்டை
கேண்டெலா பேசாமலே அந்தக் காலத்தில் கண்மாய் காவல் பார்த்தார்கள்.

ஒளிமானி
ஐயா, உங்கள் பழைய டார்ச் தூரம் போனதற்கும் காரணம் இதே கணக்குதான். பல்ப் இழை சின்னது, பின்னால் ஆழமான பெரிய கிண்ணம். ஒளி பிறக்கிற இடம் சின்னதாகவும் கிண்ணம் அகலமாகவும் இருந்தால் கதிர் குறுகும். இன்று சின்ன எல்இடியை அதே மாதிரிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

கொள்ளுக்குடிப் பையன்
வேட்டை இல்லை என்றால் சரி அண்ணே. ஆனால் கண்மாயில் நாரை அடைகிற மரம் இருந்தால் அதன்மேல் அடிக்காதீர்கள். எங்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரை கூட்டில் இருக்கும்போது ராத்திரி மிரண்டால் குஞ்சு கீழே விழும்.

வெள்ளைக்கதிர்
கரை உடைந்து பயிர் போனால் யார் பொறுப்பு? மனுசனுக்கு அப்புறம்தான் நாரை.

கொள்ளுக்குடிப் பையன்
மனுசனுக்கு எதிராக நான் எங்கே பேசினேன்? கலுங்கைப் பார்க்கக் கலுங்கில் அடித்தால் போதும், மரத்தில் எதற்கு அடிக்கணும்? எங்கள் ஊரிலும் விவசாயம்தான் செய்கிறோம், இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது.

வளவுக்கார ஆச்சி
நீங்கள் இரண்டு பேரும் அதைத் தனியாகப் பேசுங்களேன், தம்பி மழைக்கு முன்னால் என்று கேட்டிருக்கிறார். தம்பி, எங்கள் தோட்டத்தில் வைத்திருப்பது கான்வாய் சி8 வகை. தலை 45 மில்லி அகலம் இருக்கும், சட்டைப் பையில் நிற்காது, மழைக்கோட்டுப் பையில் போகும். தலை இதைவிடச் சின்னதாகப் போனால் எல்இடியில் நீங்கள் கேட்கிற தூரம் வருவது கஷ்டம், அதனால் கொஞ்சம் பெரிதாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே உருவத்தில் பல எல்இடி போட்டு விற்கிறார்கள், தூரத்துக்கென்று உள்ள சின்ன எல்இடியைக் கேட்டு வாங்கணும். கேண்டெலா எவ்வளவு என்று கேளுங்கள், 90,000-க்குக் கீழே சொன்னால் விட்டுவிடுங்கள். முழு வெளிச்சத்தில் சில நிமிடத்தில் சூடாகித் தானாகக் குறையும், அது பழுதில்லை, கலுங்கைப் பார்க்க அரை நிமிடம் போதுமே. நடக்கும்போது குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள்.

மழையில் வெள்ளையாக நிற்கிறது என்றீர்களே, துளியில் பட்டு ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே தள்ளிப் பிடியுங்கள், எதிரே தெளிவாகத் தெரியும். 5000 கெல்வின் அல்லது அதற்குக் கீழான நிறம் இருந்தால் எடுங்கள், நீலம் கலந்த வெள்ளையைவிடக் கண்ணுக்கு இதம். தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்7 அல்லது 8 என்று இருக்கிறதா பாருங்கள், ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு மட்டும்தான்.

செம்மண்
ஆச்சி சொன்னதோடு ஒன்று. செல்லின் தலை தட்டையா குமிழா என்று டார்ச்சுக்குத் தகுந்தபடி வாங்குங்கள், மாறினால் எரியாமலே போகலாம். பழைய 9900 செல்லை வீட்டில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள், ஆபத்து.

புதுவயல்காரன்
ஆச்சி சொன்ன வகை வந்துவிட்டது. நேற்று மழையில் பார்த்தேன், கலுங்கில் தண்ணீர் தாண்டுவது மடையிலிருந்தே தெரிகிறது. இடுப்பில் பிடித்ததும் வெள்ளை குறைந்தது. எல்லோருக்கும் நன்றி, கரைக்குப் போகணும்.

மாத்தூர்த் தம்பி
அண்ணே, எந்த எல்இடி, எந்த நிறம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் கண்மாய்க்கும் ஒன்று வாங்கணும்.

மாத்தூர்த் தம்பி
அண்ணே?